யூ இல்லாத கியூ

ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், கியூ என்ற எழுத்து கைக்கு வந்தால் முதலில் ஒரு சந்தோஷம், அடுத்த நொடியே ஒரு கவலை. அந்த ஒரு கட்டைக்குப் பத்துப் புள்ளி என்பதால் சந்தோஷம். யூ எங்கே போய்த் தேடுவது என்பது கவலை. மொத்தமுள்ள 100 கட்டைகளில் கியூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. அந்த நான்கும் ஏற்கெனவே பலகையில் இறங்கிவிட்டிருந்தாலோ, எதிரில் இருப்பவர் கையில் பதுங்கியிருந்தாலோ, கியூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடைசிவரை இறக்க முடியாமல் கையிலேயே தங்கிவிட்டால், அந்தப் பத்தும் நம் கணக்கில் கழியும்.

குயின், குவிக், கொஸ்டின் என்று கியூ வருகிற சொற்கள் எல்லாவற்றிலும் பின்னாலேயே யூ வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் யூ பின்தொடராத கியூ சொற்கள் ஆங்கில அகராதியில் நிறையவே இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் அவற்றைத் தனிப் பட்டியலாகவே நெட்டுருப் போடுகிறார்கள்: ச்சீ, காத், காதி, கனாத், பக்கீர், தலாக், நிகாப், வக்ஃப், கிவியுட், யங்கோனா, இம்பகாங்கா. ஆங்கில அகராதியில் எனக்கு மிகவும் பிடித்த மூலை இதுதான். புள்ளிக்காகப் படிக்க ஆரம்பித்தேன், பொருளுக்காகப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞர்; 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளின் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அடிக்கடி வருகிற எழுத்துக்கு ஒரு புள்ளி, அபூர்வமாக வருகிறதற்குப் பத்து. ஆக, கியூவின் பத்துப் புள்ளி என்பது அன்றைய அமெரிக்கப் பத்திரிகை ஆங்கிலத்தில் அது எவ்வளவு அரிது என்பதன் அளவு. வேறு மொழிக்காரர் எண்ணியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். பீஜிங்கிலோ தோஹாவிலோ பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி நடந்தால் கியூ அரிய எழுத்தாகவே தெரியாது.

ஆட்டத்தில் பெரிய ஆள் என்றால் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ்தான். 2015இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில், பிரெஞ்சு பேசத் தெரியாமலே சாம்பியன் ஆனார். சில வாரங்களில் அந்த அகராதியின் சொற்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஜெயித்தார். 2024இல் ஸ்பானிஷ் போட்டியிலும் அப்படியே. அந்த நினைவாற்றலுக்கு முன்னால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. ஆனாலும் சொல்லை வெறும் எழுத்துக்கோவையாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. இந்தக் கியூ சொற்களில் பொருளும் வரலாறும் அவ்வளவு இருக்கின்றன.

முதலில் யூ ஏன் கியூவின் வாலைப் பிடித்துக்கொண்டது என்பதைப் பார்த்துவிடலாம். பழங்கால லெபனான் கடற்கரையில் வாழ்ந்த ஃபினீசியர்களிடம் இரண்டு ககரங்கள் இருந்தன. ஒன்று நாம் சொல்லும் சாதாரண க. இன்னொன்று தொண்டையின் ஆழத்தில், உள்நாக்குக்கு அருகே பிறப்பது. அதற்கான எழுத்தின் பெயர் கோஃப். ஹீப்ருவில் அது இன்றும் கோஃப்தான், அரபியில் காஃப். கிரேக்கர்கள் ஃபினீசியரிடமிருந்து எழுத்துகளை வாங்கியபோது இதையும் கொப்பா என்று சேர்த்து வாங்கினார்கள். ஆனால் அவர்கள் மொழியில் அந்த ஆழ்ந்த ஒலி கிடையாது, கப்பாவே போதும். அதனால் கொப்பா மெல்ல வழக்கொழிந்து, 90 என்ற எண்ணுக்கான குறியாக மட்டும் மிஞ்சியது. கொரிந்து நகரத்துக்காரர்கள் மட்டும் தங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தாக அதைக் காசுகளில் பொறித்துக்கொண்டிருந்தார்கள். சிறகு முளைத்த குதிரை, அதன் காலடியில் ஒரு கொப்பா: அந்த வெள்ளிக்காசுகளை அருங்காட்சியகப் படங்களில் பார்க்கலாம்.

இத்தாலியின் பழங்குடிகளான எட்ரஸ்கர்கள் வழியாக இது ரோமுக்குப் போனது. பழைய லத்தீனில் ஒரே க ஒலிக்கு மூன்று எழுத்து: ஏக்கு முன்னால் கே, இ ஐக்கு முன்னால் சி, ஓ யூவுக்கு முன்னால் கியூ. பிறகு சி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள, கியூவுக்கு யூவோடு சேர்ந்த இடம் ஒன்றுதான் மிச்சம். அங்கே தொடங்கிய பழக்கம்தான் பிரெஞ்சுக்குப் போய், 1066இல் பிரான்சின் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய எழுத்தர்களோடு அங்கே இறங்கியது. அதற்குமுன் ஆங்கிலேயர்கள் ராணி என்பதற்கான குயினை சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். குவிக்கும் அப்படித்தான், அந்தக் காலத்தில் அதற்கு உயிருள்ளது என்று பொருள். ஒலி மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியது.

ஆக, கியூ என்பது லத்தீன் எழுத்துவரிசையில் தனி வேலை இல்லாமல் நின்ற எழுத்து. அது செய்கிற வேலையைச் சி, கே இரண்டில் ஒன்றே செய்துவிடும். இதுதான் மற்றவர்களுக்கு வசதியாகப் போயிற்று. லத்தீன் எழுத்தில் இடமில்லாத ஓர் ஒலியைத் தங்கள் மொழியில் வைத்திருந்தவர்கள், சும்மா நின்ற இந்த எழுத்தைக் கூப்பிட்டு ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். யூ இல்லாத கியூவை எங்கே பார்த்தாலும், அங்கே ஆங்கிலத்தில் இல்லாத ஓர் ஒலி இருக்கிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் உரிமை அரபிக்கு. கோஃபின் பழைய ஆழ ஒலியை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் மொழி அது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மதரஸாவில் ஓதக் கற்கும் பிள்ளைகளுக்கு இது முதல் பாடங்களில் ஒன்று. உள்நாக்குக் காஃபில் கல்ப் என்றால் இதயம். சாதாரணக் காஃபில் கல்ப் என்றால் நாய். ஓதும்போது இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் அவ்வளவு பாடுபடுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான். ஆங்கில எழுத்தில் இதயத்துக்குக் கியூவும் நாய்க்குக் கேயும் போட்டுப் பிரித்துவிடலாம். காதி, தொழும் திசையான கிப்லா, நிகாப், இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹ், தலாக், பக்கீர் எல்லாவற்றிலும் அந்தக் கியூ நிற்பது இதற்காகத்தான்.

என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டில் சாயங்காலம் பலகை விரித்துவிடுவோம். ஒருநாள் வக்ஃப் என்று நான்கு கட்டைகளை வரிசையாக வைத்தாள். டபிள்யூ, எஃப் ஆகியவற்றுக்குத் தலா நான்கு, கியூவுக்குப் பத்து, ஏவுக்கு ஒன்று, மொத்தம் 19. இரட்டைச் சொல் கட்டத்தில் விழுந்ததால் 38. வைத்துவிட்டு, “மாமா, இது நம்ம வக்ஃப் வாரியத்துல வர்ற வக்ஃபா?” என்று கேட்டாள். அதேதான். நிறுத்திவைத்தல் என்பது வேர்ப்பொருள். விற்கவும் முடியாமல், வாரிசுகள் பிரித்துக்கொள்ளவும் முடியாமல், அறப்பணிக்கென்று நிறுத்திவைக்கப்பட்ட சொத்து.

அன்றைக்கு நாங்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்நாக்குக் காஃப் தமிழுக்குள் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம். அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்தாலே போதும். தாலுகா, இலாகா, முகாம், நகல், பாக்கி, கிஸ்தி, கைதி: இத்தனையிலும் மூலத்தில் அந்தக் காஃப் இருக்கிறது. பாரசீகமும் உருதுவும் வழியாக ஆட்சி மொழியோடு வந்தவை. பிறை தெரிந்ததா என்று அறிவிக்கும் தலைமைக் காஜியும் ஸ்கிராபிள் பட்டியலின் காதியும் ஒருவரே. கசாப்புக்கடையும் காஃப்தான். குருமா துருக்கியிலிருந்து கிளம்பி உருது வழியாகக் கியூவோடு வந்தது. ஆங்கில ஆட்டப் பட்டியலில் கியூ போட்ட குருமாவும் செல்லும். கலம்காரித் துணியில் இருக்கும் கலம், எழுதுகோலைக் குறிக்கும் அரபிச் சொல். அந்தப் பேனாக்களை வைக்கும் பெட்டிக்குக் கலம்தான் என்று பெயர், அதுவும் பட்டியலில் உண்டு.

தமிழ் இவற்றையெல்லாம் வாங்கி, க என்ற ஒரே எழுத்தில் கரைத்துக்கொண்டது. பாக்கி என்று சொல்லும்போது அது எங்கிருந்தோ வந்தது என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. ஆங்கிலம் அப்படிச் செய்யாமல் வந்தவரின் அடையாளத்தைச் சொல்லிலேயே விட்டுவைத்திருக்கிறது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ருசி. காஃபியே இதற்குச் சாட்சி. அரபியில் கஹ்வா, உள்நாக்குக் காஃபில் தொடங்கும் சொல். துருக்கி, டச்சு என்று கைமாறி ஆங்கிலத்துக்கு வரும்போது கியூ உதிர்ந்து சி ஆகிவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் காதில் விழுவது ககரம் மெலிந்து ஒலிக்கும் இன்னொரு கஹ்வா.

பட்டியலில் எனக்கு ரொம்பவும் பிடித்த சொல் கனாத். ஈரானில் மலையடிவாரத்திலிருந்து பாலைவனத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய். பம்பு கிடையாது, எஞ்சின் கிடையாது, சரிவு மட்டும்தான். மலையடியில் நீர் இருக்கும் ஆழம்வரை முதலில் ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரைக்கும் மிக மென்மையான சரிவில் ஒரு சுரங்கம். சரிவு கூடினால் ஓடும் நீர் மண்ணை அரித்துச் சுரங்கத்தையே இடித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். வழிநெடுக, குறிப்பிட்ட இடைவெளியில் மேலிருந்து செங்குத்தாகத் துளைகள். காற்று உள்ளே போகவும், தோண்டிய மண்ணை வெளியே எடுக்கவும், பிறகு தூர்வார இறங்கவும் அவைதான் வழி. மேலே இரண்டு பேர் உருளையைச் சுழற்றி மண்ணைத் தோல்பையில் இழுப்பார்கள். அந்த மண் துளையைச் சுற்றி வட்டமாகக் குவியும். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால், பாலைவனத்தில் யாரோ கயிறு பிடித்து எறும்புப்புற்று வரிசை வைத்த மாதிரி இருக்கும்.

கீழே தோண்டுகிறவருக்கு முகன்னி என்று பெயர். கையில் சின்ன எண்ணெய் விளக்கு இருக்கும். விளக்குகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துச் சுரங்கம் நேராகப் போகிறதா என்று கண்டுகொள்வார். சுடர் மங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே மேலே ஏற வேண்டும். இந்த இரண்டு காரியத்துக்கும் அந்த ஒரே விளக்கு. கோனாபாத் என்ற ஊரில் இருக்கும் கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டருக்கு மேல், அதன் தாய்க்கிணறு 300 மீட்டருக்கும் அதிக ஆழம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016இல் இதையும் சேர்த்துப் பதினோரு பாரசீகக் கனாத்துகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளியே வந்த தண்ணீரை ஊர்க்காரர்கள் நேரக் கணக்கில் பங்கிட்டார்கள். அடியில் துளையிட்ட ஒரு செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு. நம் நாழிகை வட்டிலும் அதே நுட்பம்தான்.

இதைப் பார்க்க ஈரானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்தில் வெட்டிய கனாத் இருக்கிறது. அங்கே அதற்குக் கரேஸ் என்று பெயர். காசர்கோடு பக்கம் மலைச்சரிவில் வெட்டும் சுரங்கக் கிணறுகளும் இந்த யோசனைக்கு நெருங்கியவைதான்.

அப்புறம் இந்தச் சொல்லின் குடும்பம். கனாத் என்பதன் வேர், நாணல் என்று பொருள்படும் பழைய செமிட்டிக் சொல், அதாவது அரபி, ஹீப்ரு மொழிகளின் குடும்பத்துச் சொல். உள்ளே துளையாக இருப்பது நாணல், அதனால் குழாய், அதனால் கால்வாய். அதே வேர் கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் கெனால் ஆயிற்று, கரும்பைக் குறிக்கும் கேன் ஆயிற்று, பீரங்கியைக் குறிக்கும் கேனன் ஆயிற்று. நேரான கோலாகவும் அளவுகோலாகவும் மாறி, சட்டத்தையும் விதியையும் குறிக்கும் கானன் ஆயிற்று. அந்தக் கிரேக்கச் சொல்லை அரபிக்காரர்கள் திரும்ப வாங்கிக் கானூன் என்றார்கள். சட்டத்துக்கும் அந்தப் பெயர், மடியில் வைத்து மீட்டும் ஒரு தந்தி வாத்தியத்துக்கும் அந்தப் பெயர். ஆங்கில அகராதியில் இவர்கள் எல்லோரும் உண்டு. மேற்கு வழியாகச் சுற்றி வந்தவர்கள் சியோடு, கிழக்கிலிருந்து நேராக வந்தவர்கள் கியூவோடு.

காத் என்பது ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் சோமாலியாவிலும் மெல்லும் ஓர் இலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏமன்காரர்கள் வீட்டின் மேல்மாடி அறையில் கூடி உட்கார்ந்து, ஒரு கன்னத்தில் இலையை ஒதுக்கிக்கொண்டு மாலைவரை பேசுவார்கள். இலை வாடினால் வேகம் போய்விடும் என்பதால் பறித்த சூட்டோடு சந்தைக்கு வர வேண்டும். கென்யாவிலிருந்து வாழை இலையில் சுற்றி அனுப்புவதும் அதற்காகத்தான். செடிக்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்த பீட்டர் ஃபோர்ஸ்கால், டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக் குழுவோடு ஏமனுக்குப் போனவர். 1763இல் அங்கேயே மலேரியாவில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஆள்தான் அவர் குறிப்புகளைப் பதிப்பித்தார். பிரிட்டன் இந்த இலையை 2014இல் தடைசெய்தது. தண்ணீர் இல்லாத ஏமனில் காத் தோட்டங்கள் நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்ப்பது பெரிய துயரம். கனாத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தால் மனசு கனத்துப் போகிறது.

ஆட்டக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான சொல், இரண்டே எழுத்துள்ள ச்சீ. கியூவும் ஐயும் மட்டும். மூச்சு, காற்று, உயிராற்றல் என்று பொருள்படும் சீனச் சொல். வட அமெரிக்க ஆட்டப் பட்டியலில் இது 2006இல்தான் சேர்ந்தது. சேர்ந்த நாள்முதல் ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது. கியூவைக் கண்டு பயந்தவர்கள் அதை வரவேற்க ஆரம்பித்தார்கள். கியூவை மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் வைத்து, குறுக்கேயும் நெடுக்கேயும் ச்சீ அமையுமானால், 31ம் 31ம் 62 புள்ளி. இரண்டு கட்டையை இறக்கி 62!

ஆங்கிலேயர்களின் பழைய முறையில் இந்தச் சொல்லைச் சி, ஹெச் போட்டு எழுதினார்கள். கியூவுக்கு மாறக் காரணம், சீனத்தை லத்தீன் எழுத்தில் எழுத 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறை. அதை உருவாக்கிய குழுவில் முன்நின்றவர் ஜோ யூகுவாங். பொருளாதாரம் படித்தவர், வங்கி வேலையாக நியூயார்க்கில் இருந்தவர், 1949இல் நாடு திரும்பினார். மொழியியல் அவருக்கு விருப்பப் பாடம்தான். 111 வயதுவரை வாழ்ந்து 2017இல் மறைந்தார். சீனத்தில் ச போன்ற ஒலிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நாக்கு படும் இடமும் விடும் மூச்சும் கொஞ்சம் மாறினால் பொருளே வேறு. அத்தனைக்கும் தனித்தனி எழுத்து வேண்டும். சும்மா நின்ற கியூ, மூச்சோடு சேர்ந்த ச்ச ஒலிக்குப் போயிற்று. சிங் வம்சமும் சின் வம்சமும் கியூவில் தொடங்குவது இதனால்தான்.

கனடாவின் வடகோடியில் கியூவுக்கு மறுபடியும் உள்நாக்கு வேலை. இனுயிட் மக்களின் மொழியில் அந்த ஒலி அடிக்கடி வரும். கயாக் என்று நாம் சொல்லும் படகின் பெயரில் அவர்களுக்கு இரண்டு பக்கமும் கியூ. நூனாவுட் பிரதேசத்தின் தலைநகர் இக்கலுயிட். மீன்கள் நிறைந்த இடம் என்று பொருள். ஃப்ரோபிஷர் பே என்று வெள்ளைக்காரர் வைத்த பெயரை 1987இல் நீக்கிவிட்டுச் சொந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2009இல் கனடாப் பிரதமர் அலுவலகத்தின் அறிக்கை ஒன்றில் ஊர்ப் பெயரின் கியூவுக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் ஒரு யூ ஏறிவிட்டது. அந்த ஒரு யூவால் அவர்கள் மொழியில் பொருள், பின்புறத்தைத் துடைக்காதவர்கள் என்று ஆகிவிடுகிறது. மக்கள் கோபப்பட்டதில் என்ன தவறு? பள்ளிக்கூட விதியை எல்லா மொழிக்கும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொல் கிவியுட். கஸ்தூரி எருதின் கரடுமுரடான மேல்முடிக்கு அடியில் இருக்கும் மென்மயிர். வசந்தத்தில் தானாகவே உதிரும். கத்தரிக்க வேண்டாம், சீவி எடுத்தால் போதும். ஆட்டு ரோமத்தைவிடக் கதகதப்பு, தண்ணீரில் சுருங்காது. அலாஸ்காவின் ஆங்கரேஜில் 1969இல் ஆரம்பித்த ஊமிங்மாக் கூட்டுறவு சங்கத்துக்காகக் கடலோரக் கிராமத்துப் பெண்கள் இதில் சால்வை பின்னுகிறார்கள். பல கிராமங்களுக்கு அதனதன் சொந்தப் பின்னல் வடிவம் உண்டு. ஊமிங்மாக் என்பது அந்த எருதுக்கே இனுயிட்டுகள் வைத்த பெயர், தாடிக்காரன் என்று அர்த்தம்.

தென்னாப்பிரிக்காவில் கியூ ஒரு சொடுக்கொலி. ஜூலு மொழியில் மூன்று சொடுக்குகள். மிஷனரிகள் சும்மா கிடந்த சி, கியூ, எக்ஸ் மூன்றையும் அவற்றுக்குப் பங்கிட்டார்கள். நாம் இரக்கப்பட்டுச் சூள் கொட்டும் ஒலி சிக்குப் பக்கம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விட்டால் டொக் என்று வருமே, அது கியூ. இம்பகாங்கா என்பது ஜோஹானஸ்பர்க் கறுப்பர் குடியிருப்புகளில் 1960களில் செழித்த துள்ளல் இசை. சொல்லின் நேர்ப்பொருள் சோளமாவுக் கஞ்சி, அன்றாட உணவு. நான் எழுதியிருக்கும் தமிழ் எழுத்துப்படி படித்தால் நடுவில் இருக்கும் சொடுக்கு வராது, அதை நாக்கால்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஃபிஜி. இங்கே தமிழருக்கு நேரான தொடர்பு உண்டு. யங்கோனா என்பது அங்கே ஒரு மிளகுக் குடும்பச் செடியின் வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பானம். மரத்தாலான பெரிய கிண்ணத்தில் கரைப்பார்கள், தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தருவார்கள். வாங்கும்முன் கைதட்ட வேண்டும். குடித்தால் நாக்கு மரத்துப்போகும், மனம் அமைதியாகும். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று வேலை முடிந்து சுற்றி உட்கார்ந்து இதைத்தான் குடிக்கிறார்கள்.

இதில் கியூவின் ஒலி ங்க. 1835இல் போன மெதடிஸ்ட் மிஷனரிகள் டேவிட் கார்கிலும் வில்லியம் கிராஸும் இந்த எழுத்துமுறையை அமைத்தவர்கள். ஃபிஜியர்களுக்கு ம்ப, ந்த, ங்க என்பவை ஒவ்வொன்றும் ஒரே ஒலி. அவற்றை இரண்டு மூன்று எழுத்துகளால் எழுதினால் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் ம்பவுக்குப் பி, ந்தவுக்கு டி, ங்கவுக்குக் கியூ. விமான நிலையம் இருக்கும் நாடி என்ற ஊரை நாந்தி என்று சொல்வது இதனால்தான். அங்கேதான் பெரிய சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கிறது. பி, கியூ போட்டு எழுதும் ஒரு தீவின் பெயரை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பெகா என்பார், உண்மையில் அது ம்பெங்கா. தமிழ் எழுத்துக்கு இது மிக எளிது. ங்க என்று நாம் எழுதுவதே அந்த ஒலிதான்.

ம்பெங்கா தீவின் சவாவு மக்கள் தீமிதிக்குப் பேர்போனவர்கள். பெரிய பெரிய கற்களை மணிக்கணக்காகச் சுடவைத்து அதன்மேல் நடப்பார்கள். அதே ஃபிஜியில் மாரியம்மன் கோவில்களில் நம்மவர்கள் கனல்மேல் நடக்கிறார்கள். 1903இல் தொடங்கி சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோன வழிபாடு அது. இரண்டு சமூகங்களும் ஒருவரையொருவர் அறியாமலே கொண்டிருந்த வழக்கம் ஒரு சின்ன நாட்டில் சந்தித்திருக்கிறது. ஸ்கிராபிள் பட்டியலில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போய் நான் போய்ச் சேர்ந்த இடம் இது.

மீதிச் சொற்களில் நாணயப் பெயர்கள் நிறைய. அல்பேனியாவின் கிந்தர்கா, அஜர்பைஜானின் கப்பிக், ஏமனின் பழைய புக்ஷா, இஸ்ரேலின் ஷெக்கல். டிராங்க் என்பது மயக்க மருந்தின் பெயரை ஆங்கிலம் பேசுகிறவர்களே வெட்டிச் சுருக்கியது, அதில் யூ வெட்டில் போய்விட்டது. குவர்ட்டி என்பது தட்டச்சுப் பலகையின் முதல் ஆறு எழுத்து. குவாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனத்தின் பெயரிலும் யூ கிடையாது. குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் என்ற இரண்டு பகுதிகளின் வான்சேவை என்பதன் சுருக்கம். ஆனால் பெயர்ச்சொல் என்பதால் ஆட்டத்தில் செல்லாது.

அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசை இது: முதலில் ச்சீ, காத், கோஃப், காதி. அப்புறம் ஐந்தெழுத்துகள்: பக்கீர், தலாக், டிராங்க், நிகாப், புர்கா, கனாத். ஏயும் ஐயும் கையில் இருக்கும்வரை கியூவைக் கண்டு பதறாதே, யூவுக்காகக் காத்திருந்து நான்கைந்து ஆட்டத்தை வீணாக்காதே. சொல்லைக் கற்றுக்கொள்ளும்போதே அது யாருடையது என்றும் கேட்டுவைத்துக்கொள், மறக்காது.

“இன்னும் புதுசா வருமா மாமா?” என்று கேட்டாள். வரும் என்றுதான் நினைக்கிறேன். கசகஸ்தான் இப்போது ரஷ்ய மொழியை எழுதும் சிரில்லிக் எழுத்திலிருந்து லத்தீனுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2017இல் அரசு ஏற்ற திட்டத்தில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிறையக் குறிகள் இருந்தன, மக்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே மாற்றினார்கள், 2021இல் மறுபடியும் திருத்தினார்கள், 2031க்குள் படிப்படியாக முடிக்க வேண்டும் என்று திட்டம். இத்தனை திருத்தத்திலும் நம் எழுத்து இடம் மாறவில்லை. அவர்களுக்கும் உள்நாக்கில் ஒரு ககரம் இருக்கிறது, அதற்குக் கியூதான். புதிய எழுத்தில் நாட்டின் பெயரை எழுதினால் இரண்டு கியூ வரும், ஒரு யூகூட வராது.